சிறு திருத்தங்கள்

செவ்வாய் வெறுவாய் என்பார்கள்.
மாதத்தின் இரண்டாம் செவ்வாய்
விண்டோஸ் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளும்.
புதன்கிழமை விடியும்போது
என்னுடைய ஏதோ ஒன்று உடைந்திருக்கும்.

பெரிதாக ஒன்றுமில்லை.
ஆயிரம் படங்களுக்கு ஒரே மூச்சில் பெயர் மாற்றும் ஒன்று.
திரையில் சின்னங்கள் கலைந்துபோனால்
இருந்த இடத்தில் கொண்டுபோய் வைக்கும் ஒன்று.
அவசரக்காரப் புதுக் கணினியை
பழைய விளையாட்டுகளுக்காக
மெல்ல நடக்கவைக்கும் ஒன்று.
அதற்கு மெதுவன் என்று பெயர்.
முந்நூற்று நாற்பது கிலோபைட்.
நிறுவ வேண்டாம். காசும் வேண்டாம்.
வைரஸ் தடுப்பான்கள் மட்டும்
காசு கேட்காதவளைச் சந்தேகிக்கின்றன.

பகலில் ஓல்டனில், ஒரு பல் ஆய்வுகூடத்தில்
பீங்கானில் கடைவாய்ப்பல் செய்கிறேன்.
அதனால்
தானம் கொடுத்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள்மேல்
எனக்குக் கோபம் வருவதில்லை.
பார்க்கட்டும்.

இந்த ஊர் ரயில் நிலையத்தில் ஒரு கல் உண்டு.
நாட்டின் தண்டவாளங்களை அளக்கத் தொடங்கிய
கிலோமீட்டர் பூச்சியம்.
நவம்பரில் ஆரே ஆற்றிலிருந்து ஏறும் மூடுபனி
அதையும் அழித்துவிடும்.
அப்படி ஒரு நவம்பரில்தான்
பூச்சியம் புள்ளி ஒன்று என்று எண்ணிட்டு
ஒரு சாகச விளையாட்டு எழுதினேன்.
பனி, நிலையம், வராத கடைசி ரயில்,
நடைமேடைக் கோடியில் பூட்டிய விளக்கறை.
பார். எடு. திற. போ.
நான்கு வினைச்சொற்களில் ஓர் உலகம்
ஓடுமென்று நம்பிய வயது.

பதினொரு ஆண்டுகள் கழித்து
ஸோஃபிங்கனிலிருந்து ஒரு மின்னஞ்சல்.
உர்ஸ் வீடர்கேர். அந்தக் குடும்பப்பெயருக்குத்
திரும்பி வருதல் என்று அர்த்தம்.
அச்சகத்தில் இரவு வேலை.
"மன்னிக்கவும், நான் அவ்வளவு கெட்டிக்காரன் இல்லை.
விளக்கறையின் சாவிக்கு
ஒரு சின்னக் குறிப்புத் தரமுடியுமா?
விடை வேண்டாம். குறிப்புப் போதும்."

கூடவே பென்சிலால் கீறிய ஒரு வரைபடம்.
தேடிய இடமெல்லாம் பெருக்கல் குறி.
வாங்குக்குக் கீழே.
அடுப்புச் சாம்பலில்.
கடிகாரத்துக்குப் பின்னால்
(பெரிய முள் பன்னிரண்டில் நிற்கும்போது மட்டும்;
மற்ற நிமிடங்களை இன்னும் பார்க்கவில்லையாம்).
தூங்கும் பரிசோதகரின் சட்டைப் பையில், மூன்று தரம்.

பழைய கோப்பைத் திறந்தேன்.
அறைகள் இருந்தன. பூட்டு இருந்தது.
பூட்டு சாவி கேட்கும் வரி இருந்தது.
சாவி இல்லை.
தொலைந்த சாவியல்ல, ஒளித்த சாவியுமல்ல.
நான் வைக்கவே இல்லை.

பதினொரு ஆண்டுகள் ஒரு மனிதர்
என் மறதிக்குள் கையை விட்டுத் துழாவியிருக்கிறார்.
அகப்படாததற்குத்
தன் மூளையைத் திட்டியிருக்கிறார்.

தேநீர் ஆறியது.
சாவியைச் செய்து சாம்பலில் வைத்தேன்.
ஒருதரம் பார்த்த இடம்;
மறுபடி கிளற அவர் மானம் விடாது.
எடுத்தேன். பரிசோதகரின் பையில் போட்டேன்.
மூன்று தரம் தேடியவர்
நான்காம் தரமும் தேடுவார்.

மாற்றப் பட்டியலில்:
பதிப்பு 1.0.7. சிறு திருத்தங்கள்.
அவருக்கு மட்டும் உண்மை:
"பிழை என்னுடையது. சாவி பிறந்தது இன்றிரவுதான்.
குறிப்பு: தூங்குபவரை நீங்கள்
சரியாகத்தான் சந்தேகித்தீர்கள்."

காலை ஐந்து நாற்பதுக்குப் பதில்.
கோபிக்கவில்லை. நன்றியும் இல்லை.
"திறந்துவிட்டது. இருட்டாக இருக்கிறது.
உள்ளே என்ன?"

உள்ளே
அறையையும் நான் எழுதியிருக்கவில்லை.

யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல்
மத்தியானம்வரை பொறுக்கட்டும்.
ஜன்னலுக்கு வெளியே ஊர் இல்லை, பனிதான்.
நான்கு சுவர் எழுதினேன். ஓர் ஆணி.
ஆணியில் ஒரு விளக்கு.
எரிகிற விளக்கல்ல;
திரியை நனைத்துவிட்டேன்,
அவருக்கும் ஏதாவது வேலை வேண்டுமே.
தீப்பெட்டியை வைத்தேனா என்று
இரண்டு தரம் பார்த்தேன்.